அந்தக் கதவை ஏன் கழற்றினோம்?

(மலேசியாவில் சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டக் கோயில் மண்டபத்தில் பேசியது)

அண்ணன்மாரே, அக்காமாரே, நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். போன கும்பாபிஷேகத்துக்கு முன்னால் நம் மாரியம்மன் கோயிலின் பலகைக் கதவைக் கழற்றினோம் இல்லையா, அதன் வலது பலகையில் இடுப்பு உயரத்தில் ஒரு வழவழப்பான குழி இருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்த பெண்கள் தள்ளித் தள்ளியே விழுந்த குழி அது. அந்தப் பலகை மழையில் கிடந்து உளுத்துப்போனது.

பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதே பொய் என்று 1849-இல் இங்கிலாந்தில் ரஸ்கின் என்ற கலை விமர்சகர் எழுதினார். பிரான்சில் வியோலே லெ துக் என்ற கட்டடக் கலைஞர் நேர் எதிர்; எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமையைக்கூடக் கொடுக்கலாம் என்றார். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் ஊசிக் கோபுரம் அவர் 1859-இல் வைத்ததுதான், 2019-இல் எரிந்ததும் அதையே அசலாக எண்ணி அப்படியே திரும்பக் கட்டிவிட்டார்கள். பழைய கட்டடங்களைக் காப்பது பற்றி வல்லுநர்கள் எழுதிய 1964 வெனிஸ் சாசனமோ, ஊகம் தொடங்கும் இடத்தில் வேலையை நிறுத்து என்றது.

இதை நம் கோயிலுக்கு அப்படியே போட்டால், 12 வருஷத்துக்கு ஒருமுறை வர்ணம் அடிக்கும் நாமெல்லாம் குற்றவாளிகள். அது சரியில்லை. ஜப்பானில் இசே கோயிலை 20 வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள், கடைசியாக 2013-இல். எது அசல் என்பதை அந்தந்தப் பண்பாட்டை வைத்துப் பார்க்கவேண்டும் என்று 1994-இல் அதே ஜப்பானின் நாரா நகரில் வல்லுநர்கள் கூடி எழுதிவைத்தது நமக்கும் பொருந்தும்.

ஆனால் அதைச் சொல்லியே நாம் தப்பித்துக்கொள்கிறோம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இசேயில் மரம் மாறும், தச்சரின் கைவேலை மாறாது, பெரியவர் சின்னவருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருப்பார். நாம் மரத்தையும் விட்டோம், தச்சரையும் விட்டோம், கடையில் வாங்கிய இரும்புக் கதவை மாட்டினோம், பழையதை ஒரு படம்கூட எடுக்கவில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் 2013-இல் சண்டி 11 என்ற பழங்காலக் கோயிலின் எச்சத்தை இடித்தபோது நாமெல்லாம் கொதித்தோமே! வியன்னாவில் ரீகல் என்ற கலை வரலாற்று அறிஞர் 1903-இல் சொன்ன 'பழமை மதிப்பு', படிக்காதவருக்கும் பார்த்ததுமே மனசில் படுவது, அந்தக் குழியில் இருந்தது. அது நம் கையாலேயே போனது.

இடது பலகை மேல் லயத்தில் ஒரு கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கேட்டு வாங்கி வரலாமென்று இருக்கிறேன். தூக்க நாலு பேர் வேண்டும், யார் வருகிறீர்கள்?