புலிப் பாய்ச்சலும் தேயிலை மலையும்: ஒரு சிறிய நாடு தொழில்நுட்பத்தில் வளர்வது எப்படி?

[திரையில் 2003 என்ற எண். அதன் கீழே மூன்று படங்கள்: தாலின் நகரம், நாடாளுமன்றக் கட்டடம், தலவாக்கலையில் ஒரு லயவரிசை.]

வணக்கம். 2003 ஆம் ஆண்டில் நடந்த மூன்று விடயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்றொரு நாடு இருக்கிறது. மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 13 இலட்சம். அந்த ஆண்டு ஆகஸ்டில், இணையத்தின் வழியே பேச உதவும் ஸ்கைப் மென்பொருள் வெளிவந்தது. கம்பனியைத் தொடங்கியவர்கள் ஒரு சுவீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும். ஆனால் மென்பொருளை எழுதிக்கொடுத்தவர்கள் ஆத்தி ஹெய்ன்லா, பிரீத் கசேசலு, யான் தாலின் என்ற எஸ்தோனியர்கள்.

அதே ஆண்டு, இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு தனிச் சட்டம் நிறைவேறியது. நாட்டைக் கணினிமயமாக்கும் பொறுப்பு ஒரு முகவர் நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

அதே ஆண்டு, அதே நாடாளுமன்றத்தில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் இந்திய வம்சாவளியினரில் அதுவரை நாடற்றவர்களாக இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம். 1948 இல் பறிக்கப்பட்ட உரிமை முழுமையாகத் திரும்பி வர 55 ஆண்டுகள் சென்றன.

ஒரு சிறிய நாடு உலகத்துக்கு மென்பொருள் செய்து கொடுத்த ஆண்டில், நம் மக்களில் ஒரு பகுதியினர் இந்த மண்ணின் பிரஜைகள் என்று எழுத்தில் வருவதற்குக் காத்திருந்தார்கள். மலையகத்தில் தொழில்நுட்பக் கல்வியைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். நம் பிள்ளைகள் பிந்தி ஓடவில்லை. அவர்கள் நின்ற கோடு பின்னால் போடப்பட்டது.

[காட்சி: மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவர்கள். அருகில் ஒரு கணினித் திரை.]

முதலில் பொருளாதாரம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நிலம் வேண்டும், மழை வேண்டும், சரிவில் நின்று பறிக்கும் இரண்டு கைகள் வேண்டும். அடுத்த கிலோவுக்கும் இவை அத்தனையும் மறுபடி வேண்டும். ஒரு நாளில் ஒரு பெண் எவ்வளவு பறிக்க முடியும் என்பதற்கு உடம்பு ஓர் எல்லை வைத்திருக்கிறது. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொடுவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது.

மென்பொருளின் கணக்கு வேறு. ஒருமுறை எழுதியதை இரண்டாம் ஆளுக்கு விற்பதற்கு மறுபடி எழுத வேண்டியதில்லை. நூறாவது ஆளுக்கும் அப்படித்தான். 1996 இல் இலங்கையில் தொடங்கிய மில்லேனியம் ஐடி, பங்குச் சந்தைகளில் வாங்கல் விற்றலை நடத்தும் மென்பொருளை உருவாக்கியது. 2009 இல் லண்டன் பங்குச் சந்தை அந்தக் கம்பனியையே 30 மில்லியன் டொலருக்கு வாங்கி, தன் வர்த்தகத்தை அந்த மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டது. 2005 இல் கொழும்பில் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனத்தை 2024 இல் சுவீடனைச் சேர்ந்த ஈக்யூடி முதலீட்டு நிறுவனம் 600 மில்லியன் டொலருக்கும் மேலான மதிப்பில் வாங்கியது.

இன்று தேயிலை ஏற்றுமதி இலங்கைக்கு ஆண்டுக்கு ஒரு பில்லியன் டொலருக்கு மேல் கொண்டு வருகிறது. தகவல் தொழில்நுட்பச் சேவைகளும் ஒரு பில்லியனைத் தாண்டிவிட்டன. தேயிலைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் எடுத்த இடத்துக்கு இந்தத் துறை சில பத்தாண்டுகளில் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் முதலீடு என்பது பெரும்பாலும் மனித மூளை, செலவு என்பது பெரும்பாலும் சம்பளம். அப்படியென்றால் வரும் பணம் எந்த வீடுகளுக்குப் போகிறது என்பது, அந்தக் கதிரைகளில் யாருடைய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கதிரைகளில் மிகப் பெரும்பாலானவை கொழும்பிலும் அதைச் சுற்றியும் இருக்கின்றன. மலையகத்து இளைஞர்களும் கொழும்புக்குப் போகிறார்கள்தான். கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களே அதிகம்.

[காட்சி: எஸ்தோனியாவின் வரைபடம். ஒரு கிராமத்துச் சாலையில் நீல நிற அறிவிப்புப் பலகை.]

எஸ்தோனியா என்ன செய்தது? 1991 இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்றபோது அது ஏழை நாடு. 1996 இல் ஜனாதிபதி லென்னார்த் மெரி, 'புலிப் பாய்ச்சல்' என்ற திட்டத்தை அறிவித்தார். அதன் பின்னணியில் இருந்தவர்கள் இருவர்: அப்போது வாஷிங்டனில் தூதராக இருந்து பின்னர் ஜனாதிபதியான தூமஸ் ஹெண்ட்ரிக் இல்வெஸ், அன்றைய கல்வி அமைச்சர் யாக் ஆவிக்சூ. நாட்டிலுள்ள பாடசாலைகள் அனைத்துக்கும் கணினி, இணையம், ஆசிரியர் பயிற்சி, எஸ்தோனிய மொழியில் கற்றல் மென்பொருள். இந்த நான்கும் சேர்ந்ததுதான் திட்டம்.

நான்காவதைக் கவனியுங்கள். எஸ்தோனிய மொழி பேசுகிறவர்கள் பத்து இலட்சத்துச் சொச்சம் பேர். எங்கள் மொழி சிறியது, பிள்ளைகள் நேரே ஆங்கிலத்துக்குப் போகட்டும் என்று அவர்கள் சொல்லிவிடவில்லை. நூலகங்களில் பொது இணைய இடங்களைத் திறந்து, அங்கே போகும் வழியைக் காட்ட ஒரு தனிச் சாலைக் குறியீட்டையே ஊருக்கு ஊர் நட்டார்கள். 2000 களின் தொடக்கத்துக்குள் பாடசாலைகள் எல்லாமே இணையத்தில் இணைந்துவிட்டன. 2002 இல் டிஜிட்டல் அடையாள அட்டை, 2005 இல் இணையவழி வாக்களிப்பு.

இந்தக் கதை பல இடங்களில் சொல்லப்படுகிறது. பாடசாலைக்குக் கணினி கொடுத்தார்கள், ஸ்கைப் பிறந்தது என்று இரண்டையும் நேராக முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சுத் தவறு. யான் தாலின் பிறந்தது 1972 இல். புலிப் பாய்ச்சல் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு 24 வயது. தார்த்து பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது பௌதிகவியல். ஸ்கைப்பை எழுதியவர்கள் அந்தத் திட்டத்தின் பிள்ளைகள் அல்லர். அதற்கு முன்பே அந்த நாட்டில் வேரூன்றியிருந்த கணித, விஞ்ஞானக் கல்வியின் பிள்ளைகள். தாலினில் 1960 இலேயே கணிப்பையும் தானியங்கிக் கட்டுப்பாட்டையும் ஆராயும் ஒரு சைபர்னெட்டிக்ஸ் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது.

கணினி வகுப்பறைகளில் வளர்ந்த தலைமுறையின் முறை அடுத்து வந்தது. ஸ்கைப்பை 2005 இல் ஈபே 2.6 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அங்கே வேலை பழகியவர்கள் வெளியே வந்து புதிய கம்பனிகளைத் தொடங்கினார்கள். ஸ்கைப்பின் முதல் ஊழியரான தாவெத் ஹின்ரிகுஸ் 2011 இல் இன்னொருவருடன் சேர்ந்து தொடங்கியதுதான் பணம் அனுப்பும் வைஸ். 1993 இல் பிறந்த மார்குஸ் வில்லிக் 2013 இல் தொடங்கியது வாடகைக் கார்ச் சேவையான போல்ட். இவர் பள்ளிக்குப் போனது பாடசாலைகளுக்கு இணையம் வந்த பின்பு.

ஆக, அடியில் கணிதமும் விஞ்ஞானமும் இருந்தன. மேலே கணினி வந்தது. 15 வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா மதிப்பீட்டில், 2022 ஆம் ஆண்டிலும் எஸ்தோனிய மாணவர்கள் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஐரோப்பாவில் முதலிடம் பெற்றார்கள். இந்த வீடியோவில் நான் சொல்ல வந்தது இதைத்தான். மலையகத்தில் கணினி கையளிக்கும் விழா நடக்கும்போதெல்லாம் எனக்கு எழுகிற கேள்வி, அந்தப் பாடசாலையில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் தமிழில் கற்பிக்க ஆள் இருக்கிறாரா என்பதே.

[காட்சி: ஒரு தோட்டப் பாடசாலை. பழைய ஓரறைக் கட்டடமும் புதிய மாடிக் கட்டடமும்.]

நமது பக்கம் வருவோம். இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் அந்தச் சீர்திருத்தம் நாட்டையே மாற்றியது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே, தோட்ட நிர்வாகங்களின் கீழ் நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970 களில்தான். நாட்டின் மற்றப் பகுதிகளில் ஒரு தலைமுறை படித்து முடித்து ஆசிரியராகவும் பொறியியலாளராகவும் திரும்பி வந்துவிட்ட காலம் அது. ஒரு கணித ஆசிரியர் உருவாக இன்னொரு கணித ஆசிரியர் வேண்டும். அந்தச் சங்கிலி நமக்கு மிகவும் பிந்தித் தொடங்கியது. இன்றும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைத் தமிழ்மொழியில் உயர்தரம் வரை நடத்தும் பாடசாலைகள் கொஞ்சம்தான். ஒரு பிள்ளைக்குக் கணிதம் பிடித்திருந்தாலும், பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவு மட்டுமே இருந்தால் அவள் கலைப் பிரிவுக்குப் போகிறாள்.

பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கித் தருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. என்னைக் கேட்டால், மலையகத்தின் தொழில்நுட்பப் பூங்கா அங்கேதான் தொடங்க வேண்டும் என்பேன். கணிதமும் தகவல் தொழில்நுட்பமும் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்களை ஆண்டுதோறும் கூடுதலாக அனுப்பினால் போதும், மற்றவை பின்னால் வரும். ஆனால் இலங்கை அரசின் கல்விச் செலவு அண்மைய ஆண்டுகளில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதத்தைச் சுற்றியே, சிலவேளை அதற்குக் கீழேயும் நிற்கிறது. இந்தத் தொகையில் எந்தப் புலியும் பாயாது.

இலங்கை எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. நெனசல என்ற பெயரில் விகாரைகளிலும் கோவில்களிலும் நூலகங்களிலும் நூற்றுக்கணக்கான கணினி நிலையங்கள் திறக்கப்பட்டன. 2014 இல் அந்தத் திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருது கிடைத்தது. உயர்தரத்தில் 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமானது. 2005 இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது.

[காட்சி: மலை உச்சியில் கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் மாணவர்கள்.]

2020 இல் கொரோனா வந்து பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லாம் வெளியே தெரிந்தது. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் சிக்னலுக்காகக் காட்டுவழி நடந்து பாறை உச்சிக்கு ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அது சிங்களக் கிராமம். லயங்களிலும் அதே கதைதான். பள்ளத்தாக்கில் இருக்கும் தோட்டப் பிரிவான டிவிசனுக்குக் கோபுரத்தின் அலை எட்டாது, மலை மறைத்துக்கொள்ளும். வீட்டில் ஒரு கைபேசி, படிக்கிற பிள்ளைகள் மூவர், ரீலோட் போடுவது சம்பளத்துக்கு மறுநாள். 2022 நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டது. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேங்கும் நம் மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் நாட்டில், அந்த மலையிலேயே பிள்ளைகள் இருட்டில் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தின் பாதைகளையும் தொடர்புகளையும் எப்படிச் சிதைத்தது என்பதை நீங்களே பார்த்தீர்கள்.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மணிநேர வீடியோ பார்க்க நூற்றுக்கணக்கான மெகாபைட் டேட்டா போய்விடும். அதே பாடத்தை எழுத்தில் அனுப்பினால் சில நூறு கிலோபைட்டில் முடியும், அயல்வீட்டுப் பிள்ளைக்கும் அனுப்பலாம், சிக்னல் இல்லாத வீட்டிலும் திரும்பத் திரும்பப் படிக்கலாம். இந்த வீடியோவின் உரை முழுவதையும் எழுத்தில் தருவதும் அதற்காகத்தான்.

அடுத்தது மொழி. நம் உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதன் நிரலாக்கம் இருக்கிறது, அதைத் தமிழிலேயே படித்துப் பரீட்சை எழுதலாம். கட்டளைகள் ஆங்கிலச் சொற்கள்தான், ஆனால் ஒரு சிக்கலைப் படிப்படியாகப் பிரித்துத் தீர்க்கும் முறையைத் தாய்மொழியில் பிடித்துக்கொண்ட பிள்ளை பிறகு எந்த மொழியிலும் எழுதும். வேலைக்குப் போகும்போது நேர்முகமும் வாடிக்கையாளருடனான பேச்சும் ஆங்கிலத்தில்தான் நடக்கும், அதை மறைக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே வளர வேண்டும். ஆங்கிலம் வரட்டும், பிறகு கணினி பார்ப்போம் என்று காத்திருந்தால் பதினாறு வயது இருபதாகிவிடும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி யாருக்கு நிரல் எழுதும் வேலை என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆரம்பநிலை வேலைகளின் தன்மை மாறுகிறது என்பது உண்மை. எஸ்தோனியா 2025 செப்டம்பரில் அடுத்த பாய்ச்சலைத் தொடங்கியது: 10, 11 ஆம் வகுப்பு மாணவர்களின் கையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், கூடவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கருவி தரும் விடை சரியா பிழையா என்று சொல்லத் தெரிந்தவருக்கே இனி மதிப்பு. அதற்கும் அடியில் வேண்டியது கணிதம்தான்.

[திரையில்: சாதாரண தரம் எழுதியவர்களுக்கு.]

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தரத்தில் என்ன செய்வது என்று யோசிக்கும் தம்பி தங்கைகளே, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் என்ற பாடம் தொழில்நுட்பப் பிரிவுக்கு மட்டும் உரியதல்ல. கலைப் பிரிவிலும் வணிகப் பிரிவிலும் அதை ஒரு பாடமாக எடுக்க இடமுண்டு. உங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவு இல்லாவிட்டாலும் இந்தக் கதவு திறந்திருக்கலாம். பாடத்தெரிவுக்கு முன் அதிபரிடம் கேளுங்கள். உயர்தரம் முடித்தவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2000 ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இணையவழி நிரலாக்கப் பாடநெறி இலவசம். தமிழில் பழைய பாடநூல்களும் சஞ்சிகைகளும் தேவைப்பட்டால் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

மலையகத்தில் எந்தெந்தப் பாடசாலைகளில் இந்தப் பாடம் தமிழில் உயர்தரத்துக்குக் கற்பிக்கப்படுகிறது என்று ஒரு பட்டியல் தயாரிக்கிறோம். ஹட்டன், கொட்டகலை, ராகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை, மாத்தளை என்று எந்தப் பகுதியாக இருந்தாலும் பாடசாலையின் பெயரையும், கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் எங்களுக்கு அனுப்புங்கள். ஆசிரியர் இல்லை என்றால் எவ்வளவு காலமாக இல்லை என்பதையும் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அந்தப் பட்டியலை மாவட்டவாரியாகக் காட்டுவோம், வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் அனுப்பிவைப்போம்.