கிட்டார் பாட்டு பியானோவுக்கு வரும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடிப் பக்கம் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் பலருக்கு, அகூஸ்டிக் கிட்டாரோடு மெதுவாகப் பாடப்படும் ஆல்டர்னேட்டிவ் ராக் பாட்டைத் தனியாகப் பியானோவில் வாசித்துவிட ஆசை. இணையத்தில் அதன் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கிடைத்துவிடும். அதை அப்படியே வாசித்தால் ஸ்வரம் ஒன்றும் தப்பாது, ஆனால் அந்தப் பாட்டு மாதிரிக் கேட்காது. கிட்டாரின் கை வேறு, பியானோவின் கை வேறு.

இந்தப் பாட்டுகளில் அதிகம் புழங்கும் ஜி கார்டையே எடுத்துக்கொள்வோம். கிட்டாரின் ஆறு கம்பியில் தாழ்ந்த ஒலியிலிருந்து ஜி, பி, டி, ஜி, டி, ஜி என்று வரும். பியானோவில் அந்தக் கீழ் ஜியையும் பக்கத்துப் பியையும் சேர்த்து அழுத்தினால் உறுமும். கீழ் ஸ்தாயியில் அவ்வளவு நெருக்கமான இரண்டு ஸ்வரங்களின் மேல்ஒலிகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் காரணம். கிட்டார் வாசிப்பவர்களே பலர் அந்த ஐந்தாவது கம்பியை விரலால் அடக்கிவிடுவார்கள். ஆகவே இடது கையில் ஜியும் டியும் போதும். பி வலது கைக்குப் போகட்டும்.

வலது கையில்தான் இந்தப் பாணியின் உயிர் இருக்கிறது. ஜி, இ மைனர், சி, டி என்று கார்ட் மாறினாலும், கிட்டார்காரர் ஒலியில் உயர்ந்த இரண்டு கம்பிகளில் மூன்றாம் கட்டையில் (ஃப்ரெட்டில்) வைத்த விரல்களை எடுப்பதில்லை. டியும் ஜியும் விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், நம் தம்பூரா சுருதி மாதிரி. பியானோவிலும் அப்படியே செய்யுங்கள். நடு சியை (கீபோர்டின் நடுவிலுள்ள சியை) ஒட்டிய டி, அதற்கு மேலுள்ள ஜி, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஜிக்கும் இ மைனருக்கும் கீழே பி சேருங்கள். சிக்கு டி, ஜி நடுவே இ. டிக்குக் கீழே ஏ. இடது கை மட்டும் ஜி–டி, இ–பி, சி–ஜி, டி–ஏ என்று நகரும். சாதா மேஜர் கார்டாகத் திருத்திவிட்டால் பாட்டு ஞாயிறுபள்ளிப் பாட்டாகிவிடும். கார்டுத் தாளில் ஆட் நைன் (சி கார்டில் கூடுதலாகச் சேரும் டி), சஸ் ஃபோர் (டி கார்டில் எஃப் ஷார்ப்புக்குப் பதில் வரும் ஜி) என்று எழுதியிருப்பதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

மெட்டு எங்கே? பாடகர் ஆணாக இருந்தால் அவர் குரல் விழும் இடமும் இந்தக் கார்ட் இருக்கும் இடமும் ஒன்றே. அங்கேயே வாசித்தால் புதைந்துபோகும். ஒரு ஸ்தாயி மேலே தூக்கி, சுண்டுவிரலுக்குக் கொடுங்கள். அச்சில் வரும் கிட்டார் இசைத்தாளைப் பார்த்து வாசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி உயர்த்தி எழுதப்படுவது.

இன்னொரு தொல்லை, இந்த மெட்டுகள் பேச்சு மாதிரி ஒரே ஸ்வரத்தில் ஏழெட்டு அசை நிற்கும். பாடும்போது சொல் அதைத் தாங்கும். சொல் இல்லாத பியானோவில் அது டைப் அடிக்கிற சத்தம். அழுத்தம் விழும் அசைகளை மட்டும் அடித்து, மற்றதைப் பிடித்து நீட்டுங்கள். எட்டு அசைக்கு மூன்று அடி போதும். இரண்டாவது சரணத்தில் அதே இடத்தில் உள்குரலை (மெட்டுக்குக் கீழே நடுவில் ஒலிக்கும் ஸ்வரத்தை) ஒரு படி இறக்கிப் பார்க்கலாம். டி சஸ் ஃபோரில் ஜியை எஃப் ஷார்ப்புக்கு இறக்குவது எளிது.

ஸ்ட்ரம்மிங்கை (கம்பிகளை மொத்தமாக வருடி அடிப்பதை) வலது கையால் டங்கு டங்கென்று அடிக்காதீர்கள். இடது கையில் ஜி, டி, மேலே பி என்று பிரித்து விடுங்கள். காலால் மிதிக்கும் பெடல் அந்த ஸ்வரங்களை அறாமல் பிடித்துக்கொள்ளும். முதல் சரணத்துக்கு ஒற்றை பேஸும் (இடது கையின் கீழ் ஸ்வரம்) மெட்டும் போதும். பல்லவிக்கு மட்டும் மெட்டை ஒரு ஸ்தாயி தள்ளியுள்ள அதே ஸ்வரத்தோடு இரட்டியுங்கள். கீபோர்டின் தானியங்கி ஸ்டைலை (தானே ஓடும் தாளப் பின்னணியை) அணைத்துவிடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

பெடலைக் கார்டோடு சேர்த்து மிதிப்பது பலருக்கும் உள்ள பழக்கம். பழைய கார்ட் புதியதில் கலந்துவிடும். புதிய கார்ட் அடிக்கும் கணத்தில் காலை எடுத்து, ஒலித்த பிறகு மிதியுங்கள். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் சர்ச் மாதிரி உயர்ந்த கூரையுள்ள பழைய கோயிலில் வாசிப்பதானால் பெடலைப் பாதி மிதித்தாலே தாராளம்.

கேபோ (கிட்டார் கம்பிகளைக் குறுக்கே அழுத்தும் பிடிப்பான்) இரண்டாம் கட்டையில் என்றிருந்தால், ஜி என்று எழுதியது ஏ என்று ஒலிக்கும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) இரண்டு கூட்டுங்கள். 61 கட்டைக் கீபோர்டு பெரும்பாலும் நடு சிக்கு இரண்டு ஸ்தாயி கீழேயுள்ள சியில் தொடங்குவதால், கிட்டாரின் கடைசி இ வரை அதில் அடங்கும். டச் ரெஸ்பான்ஸ் (அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் வசதி) ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுண்டுவிரல் மெட்டு மேலெழாது. சுவிட்ச் போடும்போது பெடல் மேல் கால் இருந்தால் பல கீபோர்டுகளில் பெடல் தலைகீழாக வேலை செய்யும். மிதித்தால் ஒலி அறும், விட்டால் நீளும். அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மரப் பியானோவோடு கிட்டாரும் சேர்வதானால் கிட்டார்தான் பியானோவுக்குச் சுருதி சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பியானோவின் ஒலிப்பலகை உப்பி நடு ஸ்தாயி சற்றே ஏறும், சித்திரை வெயிலில் இறங்கும். டியூனர் கருவி ஏவுக்குக் காட்டும் 440 ஹெர்ட்ஸை நம்பிக் கிட்டாரைத் தனியே சேர்த்துவிட்டு வராதீர்கள். பியானோவில் நடு சிக்கு மேலுள்ள ஏவை அடிக்கச் சொல்லி, அதற்குச் சேருங்கள்.