கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு சொட்டு: ஏன் பாதியில் நிறுத்தக் கூடாது?

[திரையில்: சின்ன மருந்து பாட்டில், பக்கத்தில் டாக்டர் எழுதித் தந்த சீட்டு]

வணக்கம். கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு சீட்டு தருவார்கள். முதல் வாரம் தினமும் 4 வேளை, அடுத்த வாரம் 3, அப்புறம் 2, கடைசியாக 1. பலருக்கு இப்படி 4 முதல் 6 வாரம் வரை போகும். ஆனால் சிவப்பும் உறுத்தலும் அதற்கு வெகு முன்பே அடங்கிவிடும். "அதுதான் சரியாகிவிட்டதே" என்று பாட்டிலை எடுத்து வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

[படம்: கண்ணின் குறுக்குவெட்டு]

வெட்டு எவ்வளவு சின்னதானாலும் கண்ணுக்கு அது காயம்தான். அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. ரத்தக் குழாய்கள் கசிகின்றன. கருவிழிக்குப் பின்னால் உள்ள நீரில் வெள்ளை அணுக்கள் வந்து மிதக்கின்றன. இதுதான் அழற்சி. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் அந்த வேதிப்பொருள் உருவாவதையே குறைக்கின்றன. வெளியே வெள்ளையாகத் தெரியும் கண்ணுக்குள் இந்த அணுக்கள் இன்னும் இருக்கலாம். டாக்டரின் கருவியில்தான் அவை தெரியும். மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அழற்சி மறுபடி கிளம்பும். சிலருக்கு விழித்திரையின் நடுவில் நீர் கோத்துப் பார்வை மங்கிவிடும்.

அதற்காகச் சீட்டில் இருப்பதைவிட அதிக நாள் போடுவதும் ஆபத்து. ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும், பெரும்பாலும் சில வாரங்கள் போட்ட பிறகு. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையிலும் வித்தியாசம் தெரியாது. அளந்து பார்த்தால்தான் உண்டு. நன்றாகத் தெரிகிறது என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். உங்களுக்கோ உங்கள் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்கோ குளுக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய்) இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

[செய்முறைக் காட்சி]

சரி, எப்படிப் போடுவது? கையைக் கழுவுங்கள். பிரெட்னிசோலோன் அசிடேட் என்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் படிந்திருக்கும், குலுக்காவிட்டால் வெறும் நீர்தான் விழும். கீழ் இமையை லேசாக இழுத்து ஒரே ஒரு சொட்டு. அதற்கு மேல் கண்ணில் தங்காது, கன்னத்தில்தான் வழியும். பாட்டிலின் நுனி கண்ணில் படக் கூடாது. அப்புறம் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். ஆபரேஷன் செய்த கண், அதனால் விழியை மட்டும் அழுத்தவே வேண்டாம். வேறு சொட்டு இருந்தால் 5 நிமிடம் கழித்து.

வலி கூடினால், பார்வை குறைந்தால், சிவப்பு அதிகமானால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ராத்திரி ஆனாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

[திரையில்: பாதி காலியான பாட்டில்]

மிச்ச மருந்தை வீட்டில் இன்னொருவரின் சிவந்த கண்ணுக்கு ஊற்றாதீர்கள். அந்தச் சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ என்றால், ஸ்டீராய்டு அந்தத் தொற்றை வளர்த்துக் கருவிழியையே கெடுத்துவிடும். சீட்டில் உள்ள நாட்கள் முடிந்ததும் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.