இலவசமாச் செய்துகொண்டே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி எப்பிடி வளர்ந்தது?

அடுத்த கேள்வி வெள்ளவத்தையில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பினது. "அம்மாவுக்குக் கண்புரை. மதுரை அரவிந்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுகினம். அங்க பாதிக்கு மேற்பட்ட ஆக்களுக்கு இலவசமா, இல்லாட்டிக் குறைஞ்ச காசுக்குத்தான் ஒப்பரேஷனாம். அப்பிடியெண்டா எப்பிடி வளர்ந்தவை? தரம் குறையாதோ?"

அதைத் தொடங்கினவர் டொக்டர் வெங்கடசாமி. முடக்குவாதத்தால விரலெல்லாம் கோணிப்போன மனுசன். அந்தக் கையாலயே ஒப்பரேஷன் செய்யப் பழகி, அரச சேவையில இருந்து 58 வயசில ஓய்வு பெற்றவர். 1976 இல மதுரையில ஒரு வீட்டில 11 கட்டிலோட ஆரம்பிச்சார். கூடப் பிறந்த சகோதரங்களும் அவையின்ர குடும்பங்களும்தான் கூட நிண்டவை. எனக்கு அவரில பெரிய மரியாதை.

இனி உங்கட கேள்விக்கு வாறன். தியேட்டருக்குள்ள ஒரு டொக்டருக்கு ரெண்டு மேசை. ஒண்டில வேலை முடியேக்க மற்றதில அடுத்த நோயாளி ஆயத்தமா இருப்பார். மருந்து விடுறது, துடைக்கிறது, ஆயத்தப்படுத்திறது எல்லாம் ஆஸ்பத்திரியே பயிற்றுவிச்ச கிராமத்துப் பிள்ளையள். டொக்டர் டொக்டரின்ர வேலையை மட்டும்தான் செய்வார். கட்டடம், மைக்ரோஸ்கோப், சம்பளம் எல்லாம் எப்பிடியும் செலவுதானே. அதே செலவில கனபேருக்குச் செய்தா ஒராளுக்கு விழுற காசு குறையும். அப்ப காசு கட்டுறவையின்ர வருமானமே மற்றவைக்கும் காணும். இலவச நோயாளி வரவர நட்டம் கூடும் எண்டு நாங்கள் நினைக்கிறம். அங்க அந்தக் கூட்டம்தான் செலவையே குறைக்குது.

புரையை எடுத்தாப் பிறகு கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ்தான் பெரிய தடையா இருந்தது. வெளிநாட்டில இருந்து வாறது ஒண்டு 100 டொலர் அளவில. ஏழையளுக்குப் புரையை எடுத்துப்போட்டு சோடாப்புட்டிக் கண்ணாடிதான் குடுத்தவை. 1992 இல ஒரோலாப் எண்டு சொந்தத் தொழிற்சாலை தொடங்கி, 10 டொலருக்கும் கீழ விலையை இறக்கிச்சினம். இண்டைக்கு அது கன நாடுகளுக்குப் போகுது.

தரம்? காசு கட்டுற பகுதி, இலவசப் பகுதி ரெண்டிலயும் அதே டொக்டர்மார்தான் மாறி மாறி நிப்பினம். வித்தியாசம் அறையிலயும் படுக்கையிலயும்தான். வருமானச் சான்றும் கேக்கிறேல்லை, எங்க போறது எண்டு நோயாளியே தீர்மானிக்கலாம். ஒரே ஒப்பரேஷனைத் திரும்பத் திரும்பச் செய்யிற கைக்குப் பிழை விடுறதும் குறைவு.

ஆனா தங்கச்சி, டிக்கெட் போட முந்தி அம்மாவை லிப்டன் சுற்றுவட்டத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கட தேசிய கண் வைத்தியசாலையில ஒருக்காக் காட்டுங்கோ. அது அரச ஆஸ்பத்திரி, பாக்கக் காசில்லை. சீனி வருத்தம் இருந்தா அதையும் கட்டாயம் சொல்லுங்கோ.