சாவியைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்

வணக்கம். புரட்டாசி மழை இறங்கியதும் பெரம்பலூர் பக்கம் மானாவாரி மக்காச்சோளத்துக்கு எல்லாரும் ஒரே வாரத்தில் டிராக்டர் தேடுவோம். அந்த அவசரத்தில் விதைப்புக் கருவியை ஷெட்டிலிருந்து இழுத்த வேகத்தில் காட்டுக்கு ஓட்டிப்போய் விடுகிறோம், அங்கே போன பிறகுதான் விதை இறங்கும் குழாய் அடைத்திருப்பதும் செயின் துருப்பிடித்து இறுகியிருப்பதும் தெரியும், உடனே ஓடுகிற வண்டிக்குப் பின்னால் குனிந்து கையை விடுகிறோம். விபத்து நடக்கிற இடம் அதுதான்.

என் மச்சானுக்கு அப்படித்தான் ஆனது. கருவியைத் தூக்கி நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல், மண்ணைக் கீறும் கொழுவுக்குப் பின்னால் இருந்த மண்ணைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். சீட்டில் உட்கார்ந்திருந்த பையனின் கை, கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிவரில் பட்டுவிட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை, மொத்த எடையும் இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. அதனால்தான் சொல்கிறேன், கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் குனிய வேண்டும். தூக்கிய நிலையில்தான் அடியில் பார்க்க வேண்டும் என்றால் சட்டத்துக்குக் கீழே கனமான கட்டைகளை முட்டுக் கொடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாதீர்கள்.

காட்டில் குனியவே தேவையில்லாதபடி வீட்டிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். முதல் நாள் மாலை செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒவ்வொரு குழாயிலும் விதையைப் போட்டுக் கீழே வருகிறதா என்று பாருங்கள். அப்புறம், விதைத் தட்டைச் சுழற்றும் தரைச்சக்கரம் மண்ணில் படாதபடி சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, குழாய்களுக்கு அடியில் சாக்கு விரித்து, சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 125 செ.மீ. ஓடும். செடிக்குச் செடி 25 செ.மீ. வேண்டுமென்றால் ஒரு குழாயில் பத்துச் சுற்றுக்கு 50 விதை விழ வேண்டும். சாக்கில் ஒரு குழாய்க்கு 30 விதைதான் கிடக்கிறதா, அப்போது விதைத் தட்டின் குழி உங்கள் விதைக்குச் சிறியது, இல்லையென்றால் விதை ஈரமாக ஒட்டுகிறது. மருந்து கலந்த விதையை நிழலில் உலர்த்தாமல் பெட்டியில் கொட்டினால் இப்படித்தான் ஆகும். காட்டில் சக்கரம் கொஞ்சம் வழுக்கும், ஆகவே முதல் சாலில் பத்தடி நீளத்துக்கு மண்ணைக் கிளறி விதை இடைவெளியைப் பார்த்து, ஆழம் 4 செ.மீ. இருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.

குழாய் அடைப்பதற்குப் பெரும்பாலும் நம் ஓட்டுதலே காரணம். நின்ற இடத்தில் கருவியை இறக்கினால் கொழுவின் வாயில் மண் புகுந்துவிடும், மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டே இறக்க வேண்டும். கொழு மண்ணில் இருக்கும்போது பின்னால் எடுக்கவே கூடாது, வளைக்கவும் கூடாது. வரப்போரம் வந்ததும் தூக்கிவிட்டுத் திருப்புங்கள். யாரையும் பின்னால் ஏற்றிவிட்டு "விதை விழுதா பாரு"ன்னு சொல்லாதீர்கள். மேட்டில் வண்டி குதித்தால் அந்த ஆள் கொழுவுக்கு முன்னாலேயே விழலாம்.

அடுத்த சாலுக்கு அடையாளமாக மண்ணில் வரி போடும் மடக்குக் கை இருக்கும் கருவியா? அப்படியென்றால் ரோட்டில் ஏறுமுன் அதை மடக்கிப் பின்னைப் போட்டு, பின் கழலாமல் இருக்க கிளிப்பையும் மாட்டுங்கள். பின் தேய்ந்திருந்தால் கம்பியைச் சுற்றிச் சமாளிக்காமல் புதுசு வாங்குங்கள், கடையில் அதிக விலை இல்லை. எதிரே பைக்கில் வருகிறவருக்குச் சட்டென விரிந்து நீளும் இரும்புக் கை கண்ணுக்குத் தெரியாது. அந்த இரும்புக் கையைத் தூக்கி மடக்கும்போது மேலே கரண்ட் கம்பி தொங்குகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், காட்டுப் பக்கம் பல இடங்களில் அது தாழ்வாகத்தான் கிடக்கிறது.

விதைத்து முடித்ததும் பெட்டியில் மிஞ்சிய விதையை அன்றைக்கே அள்ளி, தனிப் பையில் கட்டி, பிள்ளைகளுக்கும் கோழிக்கும் எட்டாமல் வையுங்கள். சிவப்பாக இருக்கிற அந்த விதையெல்லாம் மருந்து பட்டது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு டீயைக் குடியுங்கள்.