உமி உருகாது, வைக்கோல் உருகும்: சாம்பல் கண்ணாடியாவது எப்படி?

[திரையில்: கருப்பாக, பளபளப்பாக, உள்ளே துளை துளையாக ஒரு கட்டி]

இது என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம். எரிமலைக் கல்லா? விண்கல்லா? இரண்டும் இல்லை. பெரிய வைக்கோல் போர் ஒன்று தீப்பிடித்து எரிந்து அடங்கினால், அடியில் இப்படி ஒரு கட்டி கிடைப்பதுண்டு. வெறும் சாம்பல்தான். உருகி, வழிந்து, ஆறிக் கண்ணாடியாகிவிட்டது.

சாம்பல் என்றாலே ஊதினால் பறக்கிற தூள் என்றுதான் நினைக்கிறோம். எரிய வேண்டியதெல்லாம் எரிந்துவிட்டது, இனி அதற்கு என்ன ஆகப்போகிறது? பாய்லர் ஓட்டுகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமல் கடப்பாரையைக் காட்டுவார்கள்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். விறகோ நிலக்கரியோ வைக்கோலோ, எல்லாவற்றிலும் எரியாத கனிமங்கள் உண்டு: சிலிக்கா, அலுமினா, சுண்ணாம்பு, இரும்பு, பொட்டாசியம், சோடியம். இவை சேர்ந்து மிஞ்சுவதுதான் சாம்பல். வேதியியல் வகுப்பு முடிந்தது!

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். உமியும் வைக்கோலும் ஒரே நெற்பயிரிலிருந்து வருபவை. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். விறகில் ஒரு சதவீதம்கூடத் தேறாது என்பதோடு ஒப்பிட்டால் இது எக்கச்சக்கம். அப்படியானால் அடுப்பில் கட்டி பிடிப்பதில் உமிதானே முதலில் நிற்க வேண்டும்? அதுதான் இல்லை. உமிச் சாம்பலில் 90 சதவீதம் அளவுக்குச் சிலிக்கா. சுத்தமான சிலிக்கா உருக 1,700 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டுக்குச் சாதாரண அடுப்பு எங்கே போவது? வைக்கோலிலும் சிலிக்கா இருக்கிறது, ஆனால் கூடவே பொட்டாசியமும் தாராளமாக இருக்கிறது. இந்த இரண்டும் தோதான விகிதத்தில் சேர்ந்தால், 800 டிகிரிக்குக் கீழேயே உருகத் தொடங்கிவிடும். சிலிக்கா தனியாகக் கேட்ட சூட்டில் பாதிகூட இல்லை!

இதை நம்ப முடியவில்லையா? சால்டரிங் செய்தவர்கள் உடனே நம்புவார்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327 டிகிரியில் உருகும். இரண்டையும் 63க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகி ஓடும். சராசரிக்கு வரவில்லை, கவனியுங்கள், இரண்டுக்கும் கீழே போய்விட்டது. அதனால்தான் சாம்பலின் உருகுநிலை எவ்வளவு என்று ஒற்றை எண்ணைக் கேட்பதே தப்பு என்பேன். எந்தச் சாம்பல், அதில் எது எவ்வளவு என்றுதான் முதலில் கேட்க வேண்டும். (இந்த இடம் பிடித்திருந்தால் லைக்கை ஒரு தட்டு தட்டிவிடுங்கள், இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.)

சரி, அளக்கிறவர்கள் எப்படி அளக்கிறார்கள்? சாம்பலை மாவாக அரைத்து, சின்னதாக ஒரு பிரமிடு பிடித்து, உலைக்குள் வைத்துச் சூட்டை ஏற்றிக்கொண்டே போவார்கள். முதலில் கூர்முனை மழுங்கும். அப்புறம் உடல் தளர்ந்து, உயரம் அடியகலத்தில் பாதியாகி, அரைக்கோளமாகக் குந்தும். கடைசியில் தட்டோடு தட்டாகப் பரவிவிடும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள். இதில் ஒரு வேடிக்கை: நிலக்கரிச் சாம்பலில் இரும்பு நிறைய இருந்து, உலைக்குள் ஆக்சிஜன் குறைவாக இருந்தால், அதே பிரமிடு இன்னும் முன்கூட்டியே சரிந்துவிடும். ஆக்சிஜனை இழந்த இரும்பு உருகலுக்குத் துணை போகிறது.

ஆனால் முனை மழுங்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு வெகு முன்பே துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மெல்லிய கழுத்து போல ஒட்டு விழுந்திருக்கும். இதைத்தான் சின்டரிங் என்கிறார்கள். எல்லாம் உருக வேண்டியதே இல்லை, கொஞ்சம் திரவம் கசிந்தால் போதும், மற்றதெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வக அறிக்கையில் நல்ல எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்தவர்கள் கிளிங்கரை, அதாவது ஒட்டி இறுகிப்போன சாம்பல் கட்டியை, உடைத்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

விளைவுகள் தெரிந்தவைதான்: காற்றுத் துளைகள் அடைபடும், பாய்லர் குழாய்மேல் பொருக்குப் படிந்து சூடு தண்ணீருக்குப் போகாது.

வழி? சூட்டைக் குறைக்கலாம். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைக் கலக்கலாம். அதிலுள்ள அலுமினாவும் சிலிக்காவும் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு, எளிதில் உருகாத கனிமமாக மாறிவிடும்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. சைக்ளோன் ஃபர்னஸ் என்ற வகையில் நிலக்கரிச் சாம்பலை வேண்டுமென்றே உருக்கி, கீழே வழியவிட்டு, தண்ணீரில் விழ வைப்பார்கள். அங்கே சாம்பல் உருகாவிட்டால்தான் தலைவலி. உருக வைக்க அவர்கள் நிலக்கரியோடு சேர்ப்பது சுண்ணாம்புக்கல்லை. தனியாக இருந்தால் 2,500 டிகிரியிலும் உருகாத சுண்ணாம்பை!