சந்தேகங்களுக்கு விளக்கம்: போர் தண்ணீரால் முடி கொட்டுமா?

சரி, அடுத்த கேள்வி. சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "புது வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. போர் தண்ணீர்தான். எனக்கும் என் கணவருக்கும் தலை முழுவதும் முடி கொட்டுகிறது. தண்ணீர்தானே காரணம்?"

ஒரு நாளைக்கு 50லிருந்து 100 முடி வரை எல்லோருக்கும் விழும். அதற்கு மேல் கொட்டுகிறது என்றால், சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நுனியில் பொடியாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தலையிலிருந்து உதிர்ந்த முடி. "ஐயோ, வேரோடு வந்துவிட்டதே" என்று பதறாதீர்கள். மயிர்க்கால் தோலுக்குள்ளேயேதான் இருக்கிறது, மறுபடி முளைக்கும். குமிழே இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் அது உடைந்த முடி. உப்புத் தண்ணீர் மேல் பழி போடுவதானால் அங்கே போடலாம்.

உதிர்ந்த முடி என்றால், வீடு மாறும் முன்பு என்ன நடந்தது என்று யோசியுங்கள். டெங்கு, டைபாய்டு மாதிரி கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைத்தது, வீட்டில் ஒரு சாவு. உடம்பு அப்படி அடி வாங்கும்போது வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். அவை விழ இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோகும், நேற்று வாங்கிய ஷாம்பு மாட்டிக்கொள்ளும். பழைய வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாகக் காய்ச்சலில் படுத்திருந்தீர்களா? அதுதான் காரணம் என்றால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் இறங்கியிருக்கலாம். ஆண்களுக்கு இரும்புச்சத்து குறைந்தால் நான் வெறும் மாத்திரையோடு அனுப்பமாட்டேன். மூலமா, குடல்புண்ணா, ரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பு அதைச் சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவு தப்பாக வரலாம். ரத்த அழுத்தம், வலிப்பு என்று புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், பரம்பரை வழுக்கை இப்படிக் கொத்தாகக் கொட்டாது, மெல்ல மெலியும். கணவருக்கு நெற்றி ஓரமும் உச்சியும், உங்களுக்கு வகிடும் எப்படி இருக்கின்றன என்று போன வருஷ போட்டோவோடு ஒத்துப் பாருங்கள். வகிடு அகலமாகியிருந்தால் அந்த போட்டோவையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள்.